கேவலம் என்றொரு நிலை

சுவிஸ் உணவகங்களில் வேலை செய்பவர்களுக்குச் 'சிம்மர்ஸ்ருண்ட' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து 2 மணிக்கு எங்களை வெளியே விடுவார்கள். 5 மணிக்குத் திரும்பவும் ஏப்ரனைக் கட்டவேண்டும். இடைப்பட்ட மூன்று மணித்தியாலத்துக்குச் சம்பளம் கிடையாது. கிழமைக்கு 42 மணித்தியாலம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு நாளையும் நடுவில் ஓட்டை போட்டுத்தான் கையில் தருகிறார்கள். வீடு கிட்ட இருப்பவன் போய்ப் படுத்தெழும்பி வருவான். என் அறை ரயிலில் 40 நிமிடம். ஆகவே நான் நிலக்கீழ் அறையில், உருளைக்கிழங்குச் சாக்குகளுக்கும் பியர்ப் பெட்டிகளுக்கும் நடுவே, உடுப்பு மாற்றும் அலுமாரிக்கு முதுகைக் கொடுத்துக் கொண்டு இருப்பேன். அது நித்திரையுமில்லை, முழிப்புமில்லை. மேலே கோப்பை கழுவும் மெஷின் ஓடுவது கேட்கும். ஊரில் அம்மா கிணற்றடியில் கதைப்பதும் கேட்கும். இரண்டும் ஒரே தூரத்தில் கேட்கும்.

இப்படியான நிலைக்கு எங்கள் சமயத்தில் பெயர் உண்டு. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று ஐந்தவத்தைகளைச் சைவநெறிப் பாடத்தில் பாடமாக்கியவன் நான். யாழ் பல்கலைக்கழகத்தில் இந்து நாகரிகத்தை ஒரு பாடமாக எடுத்து இரண்டாம் வருடம் வரை வந்தபோது இன்னும் கொஞ்சம் படித்தேன். 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டப்பட்டதன் பிறகு படிப்பு, பரீட்சை எல்லாம் என்ன மாதிரிப் போனதென்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கதை வேண்டாம். சொல்ல வந்தது வேறு. பரீட்சைக்குப் படித்த அந்தச் சொற்கள் பதினைந்து வருடம் கழித்து என்னிடம் திரும்பி வந்தது ஒரு சுவிஸ் பெண்மணியின் வாயால்.

எங்கள் முதலாளியின் மனைவி ஒரு மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தா. உள்ளத்தை வளர்த்துக் கொள்வது பற்றிய வகுப்பு. 'நீ இந்து அல்லவா, உனக்குப் பிடிக்கும்' என்று என்னையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனா. பாய்களில் பன்னிரண்டு பேர். படிப்பித்தவ ரிஷிகேசத்தில் சில வருடம் இருந்தவவாம். தாமசம், ராஜசம், சாத்வீகம் என்று முக்குணங்களை விளக்கி, ஒவ்வொரு நாளும் எந்த நேரத்தில் மனம் எதிலிருந்தது என்று குறிப்பதற்கு ஒரு தாளும் தந்தா. இடையில் 'துரியம்' என்பதை எப்படி உச்சரிப்பது என்று என்னைக் கேட்டா. பன்னிரண்டு தலைகளும் என் பக்கம் திரும்பின. உச்சரித்தேன். எனக்குத் தெரிந்தது அந்த உச்சரிப்பு மட்டும்தான் என்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை.

நக்கலடிப்பதற்காக இதை எழுதவில்லை. எங்கள் ஆட்கள் இப்படியான வகுப்புகளைப் பற்றிக் கதைத்தால் 'வெள்ளைக்காரர் எங்கட சாமானை எங்களுக்கே விக்கினம்' என்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாளை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி, மூன்று கிழமை ஒழுங்காகக் குறித்தேன். பலன் இருந்தது. சனிக்கிழமை இரவு 8 மணியிலிருந்து 10 மணி வரை எப்போதும் 'ரா'. மத்தியானச் சாப்பாட்டின் பின் 'தா'. காலையில் ஆட்கள் வரமுன்னம் தனியே சலாட் இலை கழுவும் அரை மணித்தியாலம், ஆச்சரியமாக, 'சா'. வாய் திறக்க முன்னம் ஒரு மூச்சு நேரம் நிற்கவும் பழகினேன். பதினைந்து வருடத்தில் எந்தக் கோயிலும் எனக்குச் செய்யாத உதவி அது.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை.

போன நவம்பரில் கோப்பை கழுவும் இடத்துக்கு எரித்திரியப் பெடியன் ஒருவன் வந்திருந்தான். இருபது வயதிருக்கும். மேசையெல்லாம் நிறைந்து, ஓடர்த் துண்டுகள் நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்த நேரம், என் பின்னால் ஒரு அடுக்குப் பீங்கானைத் தவறவிட்டான். நான் திரும்பிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை முழுதாக இங்கே எழுத முடியாது. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், வேறொரு குசினியில், எனக்குச் சொல்லப்பட்ட அதே வசனம். அதே சுவிஸ் ஜேர்மன், அதே இழுவை. உன் நாட்டுக்கே திரும்பிப் போ என்று முடியும்.

பெடியன் ஒன்றும் சொல்லவில்லை. குந்தியிருந்து துண்டுகளைப் பொறுக்கினான்.

அன்றிரவு கீழே வந்து, அலுமாரியைத் திறந்து, தாளில் 'ரா' என்று குறித்தேன். குறித்ததும் மனம் இலேசாகிவிட்டது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த இலேசைப் பற்றியதுதான். ரயிலில் வரும்போது எனக்குள் ஒரு குரல் கேட்டது: கோபம் வந்தது, அது ராஜச குணத்தின் வேலை; நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், சாட்சி. நல்ல குரல்தான். கீதையே கிட்டத்தட்ட அப்படிச் சொல்கிறது. செயல்களைக் குணங்கள் செய்கின்றன, அகங்காரத்தால் மயங்கியவன்தான் 'நான் செய்கிறேன்' என்று எண்ணுகிறான் என்று. ஆனால் அந்தப் பெடியனுக்கு அந்த வசனத்தைச் சொன்னது யார்? ராஜசம் போய் மன்னிப்புக் கேட்குமா?

எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் குசினியில் நின்றவர், முன்னொரு காலத்தில் இடதுசாரி அரசியல் செய்தவர். அவரிடம் சொன்னேன்.

"தம்பி, குணமும் மண்ணாங்கட்டியும். அந்தக் கோபம் உன்ரையில்லை. சனிக்கிழமை இரவு மூண்டு பேர் செய்யிற வேலையை ஒருத்தனைக் கொண்டு செய்விக்கிறானே, அவன்ர கோபம் உன்ர வாயால வந்தது" என்றார்.

அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கேட்டதும் எனக்கு அதே இலேசு வந்தது. குணத்தின் தலையில் போட்டாலென்ன, முதலாளியத்தின் தலையில் போட்டாலென்ன, நான் தப்பிவிடுகிறேன். அண்ணைக்கு இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. (அந்தக் கோபம் யாருடையது என்று நான் கேட்கவில்லை.)

இந்த நாட்டிலேயே இதைப்பற்றி யோசித்த ஒரு மனிதர் இருந்தார். சூரிச் ஏரிக்கரையில், குஸ்நாக்ட் என்ற ஊரில் வாழ்ந்த உளவியலாளர் கார்ல் யுங். 1932 இல் சூரிச் உளவியல் கழகத்தில் ஹவர் என்ற ஜேர்மனிய இந்தியவியலாளர் குண்டலினி யோகம் பற்றி விரிவுரைகள் செய்ய, யுங் அதற்கு உளவியல் விளக்கம் சொன்னார். யுங்குக்கு எங்கள் தத்துவங்களில் பெரிய மதிப்பு. ஆனால் ஐரோப்பியர்கள் யோகத்தைப் படிக்கலாம், பழகக்கூடாது என்று எச்சரித்தபடியே இருந்தார். தங்களுக்குள் இருக்கும் இருட்டைப் பார்ப்பதற்குப் பதிலாக அதை மூடிவிடும் கருவியாக யோகத்தைப் பாவிப்பார்கள் என்பது அவருடைய பயம். 1937 முடிவில் இந்தியா போனார். கல்கத்தாவில் வயிற்றுளைவோடு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பும்போது கண்டியில் தலதா மாளிகையையும் பார்த்தார். திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைக் காணவில்லை. வேண்டுமென்றே தவிர்த்தார். மற்றவர்களிடமிருந்து இரவல் வாங்க முடியாது, என் உண்மையோடுதான் நான் நிற்கவேண்டும் என்ற கருத்தில் பின்னாளில் எழுதியிருக்கிறார். இதில் கொஞ்சம் திமிரும் இருக்கலாம். ஆனால் இருட்டை மூடும் கருவி என்று அவர் சொன்னது ஐரோப்பியருக்கு மட்டும் பொருந்துவதல்ல. என் அலுமாரிக் கதவுக்கும் பொருந்துகிறது. அந்த ஹவர் என்ன ஆனார் தெரியுமா? ஒன்றிரண்டு வருடத்திலேயே ஜேர்மன் விசுவாச இயக்கம் என்று ஒன்றை நிறுவி, நாசிகளோடு போய் நின்றார். சக்கரங்கள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

எங்கள் பக்கம் மட்டும் திறமோ? 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் போகவிடாமல் வாசலில் மறித்து நின்றவர்களின் முன்னணியில் இருந்தவர், கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். அந்த வாசலில் நின்றவர்களுக்கு முக்குணமும் ஐந்தவத்தையும் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்ததுதான் வசதியாகப் போயிற்று. கீதையின் 18 ஆம் அத்தியாயம் நான்கு வருணத்துக்கும் வேலைகளைக் குணப்படி பிரித்துக் கொடுக்கிறது. 17 ஆம் அத்தியாயம் சாப்பாட்டைப் பிரிக்கிறது. சமைத்து நேரம் போனது, சுவை கெட்டது, பழையது, எச்சில் எல்லாம் தாமசருக்குப் பிரியமான உணவு. இரவு 10 மணிக்குப் பிறகு, ஆறிப்போன உருளைக்கிழங்கு றோஸ்டியையும், வாங்கிலில் மிஞ்சிய சோஸையும் நின்றபடி சாப்பிடும் எங்கள் எல்லோருக்கும் அந்தச் சுலோகத்தில் இடம் உண்டு. பிரியம் என்றுதான் போட்டிருக்கிறது. வேறு இல்லாமல் தின்பவன் எந்தக் குணம் என்று அங்கே சொல்லப்படவில்லை. ஊரில் எங்கள் பெரியவர்கள் கூலி வேலை செய்பவர்களைக் காட்டி 'உதுகள் தாமச குணம்' என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தேன். இங்கே வந்து முதல் எட்டு மாதம், விசாரணைக்குக் கடிதம் வருமென்று பார்த்துக்கொண்டு காம்பில் ஒரு நாளுக்கு பதினாலு மணித்தியாலம் படுத்துக் கிடந்தேன். அப்போது என்னைப் பார்த்த ஒரு சுவிஸ்காரன் என்ன நினைத்திருப்பான் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அதைப் பிறரைப் பற்றி நினைத்தவன்.

ஆகவே எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடலாமா? சில நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சிம்மர்ஸ்ருண்டயில் இருந்து யோசிக்க யோசிக்க, பல்கலைக்கழகத்தில் அரைகுறையாக விட்ட சைவசித்தாந்தம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. மாண்டூக்கிய உபநிடதத்தில் நான்கு நிலை. நான்காவதான துரியம்தான் உச்சம். மாலை வகுப்பில் சொன்னதும் அதுதான், ஏணி மாதிரி. 13 ஆம் நூற்றாண்டு மெய்கண்டாரின் சிவஞானபோதமும் அதைப்போலவே பன்னிரண்டே வசனம், அதாவது பன்னிரண்டு சூத்திரம். ஆனால் அதன் வழியில் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் விளக்கும் ஐந்தவத்தை ஏறுவதல்ல, இறங்குவது. நனவில் நெற்றியில் நின்று முப்பத்தைந்து கருவிகளோடு வேலை செய்யும் உயிர், கனவில் இருபத்தைந்தோடு கழுத்துக்கு இறங்கும். உறக்கத்தில் மூன்றோடு நெஞ்சுக்கு. துரியத்தில் இரண்டோடு உந்திக்கு. துரியாதீதத்தில் ஒன்றோடு மூலத்துக்கு. இரவு கடை பூட்டுவது போல ஒவ்வொரு விளக்காக அணைகிறது. இங்கே துரியம் என்பது ஞானமல்ல, மூச்சு மட்டும் மிஞ்சிய மயக்கம். அருளால் மேலே போகும் வரிசை ஒன்று தனியே உண்டு. ஆனால் ஒரே சொல் உச்சியையும் அடியையும் குறிக்கலாம் என்பதை எங்கள் ஆட்கள் எழுநூறு வருடத்துக்கு முன்னமே கவனித்திருக்கிறார்கள். அமைதியாக இருக்கிறேன் என்று ஒருவன் சொன்னால் எந்தத் துரியம் என்று கேட்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறார்கள். முழித்திருக்கும்போதே இந்த ஐந்தும் நடக்கும். நனவில் கனவு, நனவில் உறக்கம். கண் திறந்திருக்கும், முன்னால் நிற்பவன் தெரியமாட்டான். அந்தச் சனிக்கிழமை நான் அந்தப் பெடியனைக் காணவில்லை. பீங்கான் விழுந்த சத்தத்தில் நான் கண்டது வேறொரு குசினியையும் அங்கே குந்தியிருந்த என்னையும். பதினைந்து வருடமாக அந்த வசனத்துக்குப் பதில் சொல்லக் காத்திருந்தவன், பதிலுக்குப் பதிலாக அதையே சொல்லிவிட்டான். 'ரா' என்ற ஒரு எழுத்துக்குள் இது அடங்காது. எழுத்தை எழுதியபடியால்தான் இதைப் பார்க்காமல் விட்டேன்.

சித்தாந்தத்தில் 'கேவலம்' என்று ஒரு நிலை உண்டு. நாங்கள் அன்றாடம் பேசும் கேவலம் அல்ல. தனிமை என்பது பொருள். உடம்பில்லை, கருவியில்லை, உலகமில்லை, ஆணவத்தோடு மட்டும் உயிர் இருட்டில் கிடக்கும் நிலை. அதிலிருந்து 'சகல' நிலைக்கு வரும்போது மாயை உடம்பையும் கருவிகளையும் உலகையும் தருகிறது. மாயை இங்கே பொய்யல்ல, விடியும் வரைக்குமான விளக்கு. எனக்கு இது பிடித்திருக்கிறது. கையும் காலும் பீங்கானும் பக்கத்தில் நிற்கும் மனிதனும் விளக்கென்றால், எதையும் தொடாமல் உள்ளே ஒதுங்கிச் சாட்சியாக இருந்து பார்ப்பது வளர்ச்சியாக இருக்க முடியாது. அது திரும்பவும் கேவலத்துக்குப் போவது. எங்கள் பேச்சுத்தமிழ் அந்தச் சொல்லை ஏன் இப்படி மாற்றி வைத்திருக்கிறதென்று இப்போதுதான் கொஞ்சம் விளங்குகிறது. பண்டிதர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

திங்கட்கிழமை உணவகம் பூட்டு. செவ்வாய்க்கிழமை அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேருக்கும் ஜேர்மன் அரைகுறை. 'அந்த வசனத்தை எனக்கும் சொன்னவர்கள்' என்று சொல்ல வெளிக்கிட்டு, நடுவில் நிறுத்தினேன். அதுவும் ஒரு சாட்டு. சொன்னது பிழை என்று மட்டும் சொன்னேன். பரவாயில்லை என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தாளைக் கிழிக்கவில்லை, இப்போதும் குறிக்கிறேன். ஆனால் எழுத்துக்குப் பக்கத்தில், அந்த நேரம் முன்னால் நின்றவரின் பெயரையும் எழுதுகிறேன். இப்போது அவனுக்கு உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்பு. அவர்களுடைய சபையில் இறைச்சி, பால், முட்டை ஒன்றும் தொடமாட்டார்கள். வேலைக்காரருக்கு வைக்கும் சாப்பாட்டில் அவன் தின்னக்கூடியதாகப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து பருப்பும் சோறும் இரண்டு பேருக்குக் கட்டிக்கொண்டு வருகிறேன். சில நாள் எடுக்கிறான். சில நாள் பாணோடு தக்காளியை வெட்டி எடுத்துக்கொண்டு, சாக்குகளுக்கு அந்தப்பக்கம் போய் இருந்துவிடுகிறான்.