விசுவாசம் யாருக்கு?

சகாவைக் காட்டிக்கொடுக்கலாகாது என்பது, எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாமலே, காவல் நிலையங்களில் சட்டத்தினும் உறுதியாக வேரூன்றிவிட்ட தர்மம். அதை முற்றிலும் இழிவென்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது. கலவரக் கூட்டத்தின் நடுவே கல்லடிக்கு அஞ்சாமல் ஒரு காவலர் நிற்பது, பக்கத்தில் நிற்பவர் தம்மைக் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கையினால்தான். ஆனால் அதே நம்பிக்கை, உள்ளறையில் அடிபடுகிறவனின் அலறலைக் கேட்டும் கேளாதவராய் மேசைமீது குனிந்திருக்கச் செய்யுமாயின், அதை விசுவாசமென்று சொல்ல மனச்சாட்சி இடங்கொடுக்குமா?

1993இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், பொதுமக்களைக் காவலருக்குத் துணையாக்கும் உத்தேசத்துடன் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். உயர்ந்த நோக்கந்தான். எனினும், வெளியாரை நண்பராக அழைக்கும் நிலையத்தின் உள்ளே நிலவும் பழக்கம் எத்தகையது? தொலைந்த சங்கிலிக்காக மனுவுடன் வந்து நிற்கும் மூதாட்டியிடம், “ஐயா வரட்டும், வெளியே உட்காரு” என்று ரைட்டர் தலை நிமிராமலே சொல்கிறார்; மாலையில் அதே ஒருமையில், அதே தொனியில், அவர் தம் ஆய்வாளரிடம் வசவு வாங்குகிறார். அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலரை அனுப்பும் ஆர்டர்லி முறையை 1979இலேயே அரசு ஒழித்திருந்தும், 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கண்டித்து மீண்டும் வற்புறுத்த நேர்ந்ததென்றால், அவமானத்தை மேலிருந்து வாங்கிக் கீழே இறக்கிவைக்கும் பழக்கம் எவ்வளவு ஆழமானதென்று ஊகிக்கலாம். இதனால் காவலர்மீது அனுதாபம் பிறக்கலாம். மூதாட்டிக்கு இழைத்த குற்றம் அதனால் குறைந்துவிடாது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு மாண்டார்கள். அதில் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ தன்னார்வலர்மீதும் குற்றச்சாட்டு எழவே, அடுத்த மாதமே அவ்வியக்கத்தை அரசு தடைசெய்தது. தன்னார்வலரை விலக்குவது எளிது. நிலையத்தின் உள்வழக்கை விலக்குவது அத்தனை எளிதன்று. அந்த வழக்கை அன்று மீறியவர் அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர். விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம், இரவு முழுதும் நடந்ததைச் சொல்லிவிட்டு, அச்சத்தால் கையொப்பமிடத் தயங்கி, பிறகு இட்டார். சகாக்களின் கண்ணுக்கு அது துரோகம். ஆனால் அவர் அணிந்திருந்த காக்கிச் சட்டையை நம்பி நாளை மனுவுடன் வரப்போகும் மூதாட்டிக்கு, அந்த நிலையத்தில் அன்று விசுவாசமாக இருந்தவர் அவரன்றி வேறு யார்?