செய்பொருளும் சேருமிடமும்

மனிதன் தன் கையால் ஆக்கிய பொருள் அவனைவிட்டு அகன்றபின், அதனால் விளையும் நன்மை தீமைகளில் அவனுக்குப் பங்கு உண்டா? அறநூலோர் நெடுங்காலமாக ஆய்ந்துவரும் இவ்வினாவை, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வயல்களிடையே நிற்கும் சில பழங்கட்டிடங்களை முன்னிறுத்தி நாம் ஈண்டுச் சிந்திப்போம்.

ஒன்டாரியோ ஏரிக்குத் தெற்கேயுள்ள நிலம், பழம்பெரும் பனிப்பாறைகள் உருட்டிக் கொணர்ந்த கூழாங்கற்கள் நிறைந்தது. உழுமுனைக்கு இடையூறான அக்கற்களை உழவர் பொறுக்கி வரப்போரம் குவித்தனர். ஏறத்தாழ 1825 முதல் 1860 வரை அக்குவியல்களே வீடுகளும் கோயில்களும் பள்ளிகளும் ஆயின. கற்களை அளவுவாரியாகப் பிரித்துச் சுவரின் முகப்பில் வரிசை பிறழாது பதித்தனர் கொத்தர்கள். சுண்ணாம்புக் காரை மெல்ல இறுகுவதாகலின், ஒரு நாளில் சில வரிசைகளே எழும். இத்துணைப் பொறுமையோடு எழுப்பப்பெற்றவற்றுள் ஹாப்ஸ் உலர்த்தும் கட்டிடங்களும் சில உண்டு.

ஹாப்ஸ் என்பது கொடியொன்றின் பூங்கொத்து. பீருக்குக் கசப்பும் மணமும் தந்து, அது விரைவில் கெடாமல் காப்பது. அம்மாநிலத்தின் மாடிசன் மாவட்டத்தில் 1808இல் ஜேம்ஸ் கூலிட்ஜ் என்பார் இதனை விற்பனைப் பயிராக்கினார். 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, நாட்டு விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நியூயார்க்கினுடையதாக இருந்தது. பறித்த பூ உடனே உலர்ந்தாக வேண்டும். ஆதலின் கீழ்த்தளத்தில் அடுப்பெரியும். மேலே இடைவெளிவிட்ட சட்டங்களின்மீது துணி விரித்துப் பூவைப் பரப்புவர். வெப்பம் ஊடுருவிச் செல்ல, ஈரக்காற்று கூரையுச்சி வழியே வெளியேறும். இரவெல்லாம் ஒருவர் விழித்திருந்து தீயைக் காப்பார்.

இங்கேதான் முரண் எழுகிறது. அதே காலத்தில், அதே மாநிலத்தில், மதுவிலக்கு இயக்கம் ஓங்கி வளர்ந்தது. 1830-31இல் ராச்செஸ்டர் நகரில் சார்லஸ் பின்னி என்னும் சமயப் பேச்சாளர் எழுப்பிய பக்திப் பேரலை அவ்வியக்கத்திற்கும் உரமூட்டியது. 1855இல் மாநில அரசு மதுவிலக்குச் சட்டமே இயற்றியது; மறு ஆண்டில் உயர்நிலை நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. ஞாயிறன்று மதுவின் கேட்டைக் கேட்டுத் தலையசைத்த உழவர், திங்களன்று ஹாப்ஸ் கொடிக்குக் கொம்பு நட்டிருப்பார் அல்லவா?

அவ்வுழவரை நிறுத்திக் கேட்டிருந்தால் மூன்று விடைகள் கூறியிருக்கக்கூடும். 'நான் விளைப்பது பூ. மது அன்று' என்பது முதலாவது. 'நான் விடுத்தால் அண்டை நிலத்தான் விளைப்பான்' என்பது இரண்டாவது. 'என் குடும்பம் இதனால் உண்கிறது' என்பது மூன்றாவது.

முதல் விடையில் ஓரளவு உண்மையுண்டு. அக்காலத்து அடுக்களைகளில் ரொட்டிக்கான நொதியாக்கவும் ஹாப்ஸ் பயன்பட்டது. எனினும் மூட்டைகள் பெரிதும் எங்கே சென்றன என்பதை விளைத்தவர் அறிவார். இரண்டாவது விடை விடையே அன்று. பிறர் செய்வர் என்பதால் நாம் செய்வது தூயதாகிவிடாது. மூன்றாவதை மட்டும் நாம் எளிதில் தள்ளலாகாது. பசியின்முன் அறம் பேசுவோர் முதலில் தம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த குறள் நம்முடையது. ஆதலின் அவ்வுழவரைக் குறைகூறல் நமக்கு எளிது. ஆயின் அலுவலகங்களில் எழுத்தராய் வாழ்வோர் நம்மிடையே பலர். ஒரு கோப்பு நம் மேசைக்கு வருகிறது. குறிப்பெழுதி மேலே அனுப்புகிறோம். அதன் முடிவில் ஒரு விதவைக்கு ஓய்வூதியம் கிடைப்பதும் உண்டு. ஒரு குடிசை இடிபடுவதும் உண்டு. 'கோப்பை நகர்த்துவதே நம் கடமை' என்று நாம் சொல்லும்போது, 'நான் விளைப்பது பூ' என்ற உழவரின் குரலையன்றோ எதிரொலிக்கிறோம்?

பொறுப்பு என்பது முழுமையாய் உண்டு அல்லது அறவே இல்லை என்னும் இரண்டில் ஒன்றன்று. அது அறிவின் அளவாலும், மாற்றும் ஆற்றலின் அளவாலும் கூடிக் குறையும். கல்லடுக்கிய கொத்தருக்குப் பங்கு சிறிது. விலைபேசி விற்ற நில உரிமையாளருக்குப் பெரிது. கூலிக்குப் பூப்பறிக்க வந்த பெண்டிர்க்கும் சிறார்க்கும் மிகமிகச் சிறிது. எழுத்தரின் பங்கு சிறிதாயினும், தம் குறிப்பில் உண்மையை மறையாது எழுதும் அளவுக்கேனும் அது உண்டு.

காலப்போக்கில் நோயும் பூச்சியும் கொடியைத் தாக்கின. பசிபிக் கரையோர மாநிலங்கள் போட்டியில் முந்தின. 1920இல் நாடளாவிய மதுவிலக்கு நடைமுறைக்கு வருமுன்பே அப்பயிர் தளர்ந்திருந்தது. 1933இல் விலக்கு நீங்கியபின்னும் பழைய நிலைக்கு மீளவில்லை. சிறு பீராலைகளை ஊக்குவிக்க 2012இல் மாநிலம் இயற்றிய சட்டத்தின்பின் சிறிதளவே மீண்டும் பயிராகிறது.

அக்கட்டிடங்களைப் பேணத்தான் வேண்டுமா என்று கேட்பாரும் உளர். பேணுதல் தகும் என்பதே நம் துணிபு. கல்லைத் தேர்ந்து பதித்த கையின் நேர்மை மெய்யானது. அங்கு உலர்ந்த பூ சென்று சேர்ந்த இடமும் மெய்யானது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் தகாது. அச்சுவரைக் காணும் சிறார்க்குக் கொத்தரின் திறத்தையும் சொல்லுக. மூட்டைகள் சென்ற வழியையும் சொல்லுக. நம் தொழிலைப் பற்றி நம் மக்கள் வினவும்போதும், அவ்வாறே இரண்டையும் சொல்வோமாக.