கனவினுள் நனவு

கனாக் காணுங்காலே "இது கனா" என்று அறிதல் கூடுமோ என மாணாக்கர் வினவுவராயின், கூடும் என்று விடை கூறுக. 1913 ஆம் ஆண்டிலே ஒல்லாந்து தேசத்து வைத்தியர் பிரெடெரிக் வான் ஏடன் தாம் கண்ட அத்தகைய கனாக்களை ஆராய்ந்து, தெளிகனா என்னும் கருத்துடைய பெயரால் வழங்கினார். 1975 இலே இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்திலே, உறங்குவான் ஒருவன் முன்னர்ப் பேசிவைத்தபடி கனவினின்றே கண்களை இடமும் வலமுமாக அசைத்துக் குறிகாட்ட, அது கருவியிற் பதிவாயிற்று.

கனவிலும் அறிவான் ஒருவன் உளன் என்பது சைவர்க்குப் புதிதன்று. சாக்கிரத்திலே 35 கருவிகள் தொழிற்படும்; ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் நீங்கவே சொப்பனத்திலே 25 எஞ்சும். புலன்கள் ஒடுங்கிய அவ்விடத்தும் அறிவு நிகழ்தலின் உயிர் புலனுக்கு வேறு என்று சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்திலே மெய்கண்டதேவர் நிறுவினார். இதனை ஏட்டளவிற் படிப்பித்து விடுகின்றோம். தெளிகனாக் கண்டவனோ தன்னிடத்தே கண்டுகொள்வான்.

பயிலும் முறை எளிது. விழித்தவுடன் பாயை விட்டெழுமுன் கனாவை எழுதுக. பகலிலே இடையிடையே "விழித்துளேனோ" என்று தன்னையே வினவி, ஓர் எழுத்தை இருமுறை நோக்குக. கனவிலே அது பெரும்பாலும் மாறித் தோன்றும். ஐந்து மணி நேரம் உறங்கியபின் எழுந்து, கண்ட கனாவை நினைந்து, "அடுத்த கனாவைக் கனாவென்று அறிவேன்" என உறுதிகொண்டு மீளவும் துயில்க. கனவுறக்கம் விடியலை நோக்கி நீளுமாதலின் இது பயன்றரும். பள்ளி நாளில் இக்கடைசி முறை வேண்டாம். முதற்பாடத்திலே தூங்கும் ஆசிரியரை மாணாக்கர் எளிதில் மறவார்.

பறத்தல், கடன்மேல் நடத்தல், இறந்த தாயொடு பேசுதல் என்பன பொருட்செலவின்றிக் கைகூடுதலின் பலர் இதனை விரும்புகின்றனர். அவ்வின்பத்தை யாம் இகழேம். ஆயினும் பறக்க வல்லான் ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரரை ஒருமுறை வலம்வரலாகாதோ? பூசலார் நாயனார் நனவிலேயே மனத்தாற் கோயில் எடுத்தார். அதன் பெருமையைக் காடவர்கோன் கனவிலே இறைவன் அறிவித்தருளினார்.

வன்னியிலே இது விளையாட்டு மாத்திரம் அன்று. 2009 இலே நந்திக்கடற் பக்கத்துப் பதுங்குகுழிகளிற் கிடந்த சிறுவர் இன்று பெற்றோராயினர், ஆசிரியராயினாரும் உளர். அவருட் சிலர்க்கு இரவுதோறும் அவ்வெறிகணை மீள வந்து விழுகின்றது. அச்சக்கனாவைப் பகலிலே ஒருவரிடஞ் சொல்லி, அதன் முடிவைத் தாம் வேண்டியவாறு மாற்றி, அம்மாற்றத்தை நாடோறும் மனத்திற் பயிலுதல் பலர்க்கு நலந்தந்துள்ளது. கனாவென்று அறியும் பயிற்சி அதற்குத் துணையாகும். பேய்க்கோளாறென்று நூல்கட்டி விடுதல் போதாது. துயில் கெட்டு நாள்கள் கழியின் வைத்தியசாலையின் மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்க.

வகுப்பிலே ஒரு பிள்ளை தன் கனாவைச் சொல்லத் தொடங்குமாயின், பாடத்தை நிறுத்தி முழுவதும் கேளுங்கள். இறந்தோர் அதில் வந்தனரெனின், "அது பொய்" என்று இடைமறியாதீர்கள். அவர் என் சொன்னார் என்று கேளுங்கள்.