உடைமையைப் பேணுதலும் கைங்கர்யமே

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

எம்பெருமான் திருவடிகளைப் பற்றிய அடியார்களுக்கும் மனம் தளரும் காலங்கள் உண்டு. உற்றாரைப் பிரிந்து அயல்தேசத்தில் வாழ்பவர், நோயுற்ற பெற்றோரை இரவும் பகலும் கவனிப்பவர், வேலையை இழந்தவர், காரணம் இன்னதென்று சொல்லத் தெரியாமலே சோர்ந்திருப்பவர் என்று நம் கோஷ்டியிலும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வருத்தத்தோடு மற்றொரு வருத்தமும் சேர்ந்துகொள்கிறது. சரணாகதி செய்தவனுக்குச் சோகம் எப்படி வரலாம், அடியேனுக்கு மஹாவிச்வாஸம் இல்லை போலும் என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். ஆகையால் தம் நிலையை வெளியில் சொல்வதில்லை. உணவும் உறக்கமும் குறைந்தால் அதை வைராக்யம் என்று எண்ணுகிறார்கள். தம்மைத் தாமே கவனித்துக்கொள்வது அஹங்காரத்தின் பாற்படுமோ என்றும் அஞ்சுகிறார்கள்.

இவ்வச்சம் நம் ஸம்ப்ரதாயத்துக்குப் பொருந்துமா என்பதை, அருளிச்செயலையும் பூர்வாசார்யர்களின் சரித்திரத்தையும் கொண்டு சிறிது அநுஸந்திப்போம்.

இவ்வுடலும் மனமும் யாருடையவை?

திருமந்த்ரத்தின் நடுவிலுள்ள நம:பதம், எனக்கு நான் உரியன் அல்லேன் என்னும் அர்த்தத்தைக் காட்டுகிறது. பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் இதை விரித்து அருளியிருக்கிறார். இதைக் கேட்டவுடன், ‘ஆகையால் என்னை நான் கவனிக்க வேண்டா’ என்று முடிவு கட்டுவது பாதி வழியில் நின்றுவிடுவதாகும். எனக்கு உரியன் அல்லேன் என்றால் யாருக்கு உரியன் என்று அடுத்துக் கேட்க வேண்டும். அவனுக்கே உரியன் என்று ப்ரணவம் முன்னமே சொல்லிவைத்திருக்கிறது.

திருக்கோயிலில் திருவாபரணங்களைக் காக்கும் கைங்கர்யபரரை நினைத்துப் பார்ப்போம். அவற்றில் ஒன்றும் தம்முடையதன்று என்பதை அவர் நன்கறிவார். அறிந்ததனாலேயே அவற்றை எண்ணிப் பார்க்கிறார், துடைத்து வைக்கிறார், பூட்டிக் காக்கிறார். தம்முடையதன்று என்று அவற்றை மழையில் போட்டுவைப்பாரானால், அதை யாரும் பற்றின்மை என்று சொல்லமாட்டார்கள். நம்மிடம் இருக்கும் இவ்வுடலும் மனமும் அப்படி அவன் நம் கையில் ஒப்படைத்த உடைமைகள்.

தன்னைக் காத்துக்கொள்வதில் தனக்கு அந்வயம் கூடாது என்று ஆசார்யர்கள் அருளியிருக்கிறார்களே என்று ஒரு சங்கை எழலாம். ஆத்மாவின் உஜ்ஜீவனத்துக்குத் தன் முயற்சியையே உபாயமாகப் பற்றுவதை அந்த உபதேசம் விலக்குகிறது. பசித்தவன் உண்பதையும், களைத்தவன் உறங்குவதையும் அது விலக்கவில்லை. உண்பதை உபாயமாக நினைத்தால் குற்றம். கைங்கர்யத்துக்கு வேண்டிய கரணத்தைப் பேணுவதாக நினைத்தால் குற்றமில்லை.

எம்பெருமானின் திருவுள்ளம் எப்படிப்பட்டது என்பதைத் திருவாய்மொழி பத்தாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியில் காண்கிறோம். ஆழ்வாரைத் திருநாட்டுக்கு அழைத்துச் செல்ல வந்த எம்பெருமான், அவருடைய திருமேனியின்மேல் அளவற்ற வ்யாமோஹம் கொள்கிறான். திருமாலிருஞ்சோலை, திருப்பாற்கடல், திருவேங்கடம், ஸ்ரீவைகுண்டம் ஆகியவற்றில் வைத்த விருப்பத்தை அவருடைய அவயவங்களில் வைக்கிறான் என்று பூர்வாசார்யர்கள் வ்யாக்யானத்தில் காட்டுவர். ஆழ்வாரோ இந்த உடல் கழிய வேண்டும் என்று வேண்டுகிறார். அவனோ அதை விட மனமின்றி நிற்கிறான். ஆழ்வாரின் பெருமை நமக்கு இல்லை என்பது மெய். ஆயினும், அடியவர் உடலை அவன் எந்தக் கண்ணால் பார்க்கிறான் என்பதை இதனால் அறியலாம். அவன் விரும்பும் பொருளை நாம் வெறுத்து வாட்டுவது அவனுக்கு உகப்பாகாது.

உடையவர் அமுது செய்யாத நாட்கள்

குருபரம்பரை கூறும் ஒரு வ்ருத்தாந்தம் இங்கே நினைக்கத்தக்கது. எம்பெருமானார் திருவரங்கத்தில் மாதுகரம் எழுந்தருளியபோது, ஒரு வீட்டில் பிக்ஷையில் விஷம் கலக்கப்பட்டது. இட்டவளின் நடுக்கத்தாலும், அவள் தண்டனிட்ட விதத்தாலும் ஏதோ தவறு என்பதை அவர் உணர்ந்துகொண்டார். அதன்பின் திருவுள்ளம் கலங்கி அமுது செய்வதையே விட்டுவிட்டார்.

இச்செய்தி திருக்கோட்டியூர் நம்பியின் திருச்செவிக்கு எட்டியது. அவர் தாமே புறப்பட்டுத் திருவரங்கம் நோக்கி எழுந்தருளினார். எதிர்கொண்ட எம்பெருமானார், நண்பகல் வெயிலில் காவேரியின் சுடுமணலில் ஆசார்யன் திருவடிகளில் தண்டனிட்டார். நம்பி எழுந்திருக்கும்படி நியமிக்காமல் நின்றார். சீடர்கள் பதறினர். கிடாம்பி ஆச்சான் மட்டும் பொறுக்கமாட்டாமல் ஓடிவந்து எம்பெருமானாரை மணலிலிருந்து எடுத்துக்கொண்டார். இப்படியும் ஓர் ஆசார்ய சிஷ்ய முறை உண்டோ என்று நம்பியையே வினவினார். நம்பி சினக்கவில்லை. இத்திருமேனியில் பரிவுடையவர் யார் என்று அறியவே அவ்வாறு நின்றதாகக் கூறி, அன்றுமுதல் எம்பெருமானாருக்குத் தளிகை செய்யும் கைங்கர்யத்தைக் கிடாம்பி ஆச்சானுக்கே நியமித்தார்.

இவ்வ்ருத்தாந்தத்தில் நமக்கு மூன்று அர்த்தங்கள் கிடைக்கின்றன. கலங்கிய உள்ளம் உணவை விடுவது என்பது உடையவர் அளவிலும் நிகழ்ந்திருக்கிறது. ஆகையால் அப்படி நேர்ந்தவரை விச்வாஸம் குறைந்தவர் என்று எண்ணலாகாது. இரண்டாவது, அவர் உண்ணாதிருந்ததை நம்பி வைராக்யம் என்று கொண்டாடவில்லை. தீர்க்க வேண்டிய துன்பமாகக் கருதி எழுந்தருளினார். மூன்றாவது, உபதேசம் மட்டும் செய்து திரும்பிவிடாமல், நாள்தோறும் அமுது செய்விக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்தார். மனம் கலங்கியவருக்கு நல்வார்த்தை வேண்டும். அதனோடு வேளைக்குச் சோறும் வேண்டும்.

ஊணும் உறக்கமும்

கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில் 16, 17 ஆகிய ச்லோகங்களில் கண்ணன் யோகத்துக்கு வேண்டிய அளவைச் சொல்கிறான். மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது. மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காமல் விழித்தே இருப்பவனுக்கும் கைகூடாது. உணவு, உலாவுதல், செயல், உறக்கம், விழிப்பு ஆகிய எல்லாம் அளவோடு அமைந்தவனுக்கே யோகம் துயர் தீர்ப்பதாகிறது. ஸர்வேச்வரன் தேர்த்தட்டில் நின்று உறக்கத்தின் அளவைப் பேசியிருக்க, அதை அற்ப விஷயம் என்று நாம் தள்ளலாமோ?

நள்ளிரவு தாண்டியும் கைபேசியில் உபந்யாஸம் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்று பலர். கேட்பது நல்ல விஷயமே. ஆனால் மறுநாள் காலை திருவாராதனத்தில் கண் சொருகி, வீட்டாரிடம் கடுஞ்சொல் பிறக்குமானால், இரவில் ஈட்டியது பகலில் கழிந்துவிடுகிறது. ஒரு பதிகத்தை மனம் பதிய அநுஸந்தித்துவிட்டு வேளையோடு படுத்துறங்குவது இதனினும் நன்று.

திருப்பாவையிலும் இந்த அளவு இருக்கிறது. 2-ஆம் பாசுரத்தில் நெய்யையும் பாலையும் மையையும் மலரையும் விலக்கும் ஆய்ச்சியர், 27-ஆம் பாசுரத்தில் அணிகலன்கள் பூண்டு, ஆடை உடுத்து, நெய் வழியும் பால்சோற்றை எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ண விரும்புகிறார்கள். அவனைப் பெறுவதற்காக விலக்கியவற்றை அவனோடு கூடும்போது ஏற்கிறார்கள். நோன்பிலும் அவர்கள் நாள்தோறும் விடியலில் நீராடுவதை விடவில்லை. தனியே போகவும் இல்லை. 6-ஆம் பாசுரம் முதல் 15-ஆம் பாசுரம் வரை உறங்கும் பெண்களை ஒருத்தி ஒருத்தியாக எழுப்பி அழைத்துச் செல்கிறார்கள். வேளையோடு எழுதல், நீராடுதல், துணையோடு செல்லுதல் ஆகிய எளிய பழக்கங்கள் மனம் தளர்ந்தவரைத் தாங்கும் தூண்கள்.

துயரைச் சொல்லுதல்

அர்ஜுனன் வில்லை நழுவவிட்டுப் புலம்பியபோது, அவன் சொல்லி முடிக்கும்வரை கண்ணன் குறுக்கே பேசவில்லை. பின்பு கண்டித்தான், உபதேசித்தான். 18-ஆம் அத்தியாயத்தில் சரம ச்லோகத்தின் முடிவில்தான், அவன் பாரத்தையெல்லாம் தான் ஏற்றுக்கொண்டு, இனி வருந்தவேண்டா என்று உறுதி கூறினான். நாமோ ஒருவர் தம் துயரைச் சொல்லத் தொடங்கும்போதே அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லி அவர் வாயை அடைத்துவிடுகிறோம்.

ஆழ்வார் தம் ஆற்றாமையை மறைக்கவே இல்லை. முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழியில் பராங்குச நாயகியாய் நாரை, குயில், அன்னம் முதலியவற்றைத் தூது விடுகிறார். இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழியில் நாரை, அன்றில், கடல், காற்று, மேகம், மதி, இருள், கழி, விளக்கு என்று கண்ணில் பட்டவை யாவும் தம்மைப் போலவே பிரிவால் வாடுவதாகக் கண்டு அவற்றுக்காக இரங்குகிறார். ஐந்தாம் பத்தின் நான்காம் திருவாய்மொழி முழுவதும் ஊர் உறங்க உறக்கம் வாராத ஓர் இரவின் புலம்பல்.

ஆழ்வாருடைய வருத்தம் பகவத் விச்லேஷத்தால் வந்தது. நம் வருத்தமோ பெரும்பாலும் பொருளாலும் உறவாலும் நோயாலும் வருவது. இரண்டையும் ஒன்றாக்குவது அபசாரம். ஆனால், வருத்தம் வந்தபோது எப்படி இருக்க வேண்டும் என்பதை ஆழ்வாரிடமே கற்கலாம். அவர் அதை உள்ளே பூட்டி வைக்கவில்லை, எம்பெருமானுக்குத் தெரிவித்தார். தம் வருத்தத்தின் நடுவிலும் பிறருடைய வருத்தத்தைக் கண்டார். பெருமாள் ஸந்நிதியில் நின்று, நமக்குத் தெரிந்த வார்த்தைகளில் உள்ளதை உள்ளபடி சொல்லலாம். பிறகு, கேட்கும் செவியுடைய ஒரு பாகவதரிடம் சொல்லலாம். சொல்வதால் சரணாகதிக்குக் குறை வாராது.

நெஞ்சோடு பேசும் முறை

ஆழ்வார் தம் நெஞ்சைத் துணையாகக் கொண்டு பேசுவது அருளிச்செயலில் பல இடங்களில் உண்டு. பெரிய திருவந்தாதியின் தொடக்கமே நெஞ்சை விளித்துத்தான். முதற்பத்தின் பத்தாம் திருவாய்மொழியில், உன்னைப் பெற்றதனால் எனக்கு எது முடியாது என்னும்படி அதைக் கொண்டாடுகிறார். ஒத்துழையாதபோது நெஞ்சைக் குறை சொல்லும் இடங்களும் இருக்கின்றன. அங்கும் உடனிருக்கும் தோழமை மாறுவதில்லை.

நாமோ நம் நெஞ்சோடு பகைவனைப் போலப் பேசுகிறோம். ஒருநாள் ஸந்த்யாவந்தனம் தவறினால், நித்யாநுஸந்தானம் குறைந்தால், நீ எதற்கும் உதவாதவன் என்று நாள் முழுதும் அதை வைகிறோம். வேறோர் அடியவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் பாகவதாபசாரம் என்று நடுங்குவோம். நம் ஆத்மாவும் அவனுக்கே அடிமையன்றோ? தவறியதற்கு அவனிடம் க்ஷமை வேண்டிக்கொண்டு மறுநாள் தொடர்வதே முறை. இரவில் படுக்குமுன் அன்று கைகூடிய சிறு கைங்கர்யம் ஒன்றை நினைத்து நெஞ்சை உகப்பித்து, கைகூடாதவற்றை அவன் திருவடிகளில் வைத்துவிட்டுக் கண்ணுறங்குவது நல்ல பழக்கம்.

உடனிருப்பவர் கடமை

அசோகவனத்தில் பிராட்டி உயிரையே விடத் துணிந்த வேளையில் திருவடி அருகில் இருந்தார். பேசாதிருந்தால் பிராட்டியை இழக்க நேரும். திடீரென எதிரே தோன்றினால் அவள் அஞ்சுவாள். எந்த மொழியில் எப்படித் தொடங்குவது என்று அவர் நெடிது ஆராய்ந்ததை ஸ்ரீராமாயணம் ஸுந்தரகாண்டத்தில் விவரிக்கிறது. முடிவில், மரத்தில் மறைந்திருந்தபடியே இனிய குரலில் பெருமாள் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கினார். தர்க்கம் செய்யவில்லை, குறை கூறவில்லை, முன்வினை என்று சொல்லவில்லை. துயருற்றவரிடம் செல்லும் நாமும் அப்படிச் செல்ல வேண்டும்.

ஏழாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியில், இரவும் பகலும் உறங்காமல் கண்ணீர் பெருக்கும் மகளுக்காகத் தாய் திருவரங்கனிடம் முறையிடுகிறாள். தம் நிலையைத் தாமே சொல்லமாட்டாதவருக்காக வீட்டார் பேசலாம், வேண்டிக்கொள்ளலாம், மருத்துவரிடம் அழைத்தும் செல்லலாம். காய்ச்சலுக்கு மருந்து உண்பது ப்ரபத்திக்கு விரோதமன்று என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். மனநோய்க்கு மருத்துவம் செய்துகொள்வதும் அத்தகையதே. சோர்வு வாரக்கணக்கில் நீங்காமல் ஊணும் உறக்கமும் கெட்டால் காலம் தாழ்த்தக் கூடாது. வாழ்வையே வெறுத்துப் பேசுபவரைத் தனியே விடாமல் உடனிருந்து, அன்றே மருத்துவ உதவி தேட வேண்டும். மருந்தையும் அவனை நினைத்தே கொடுக்கலாம்.

ஆகவே, வேளையோடு உண்பதும், அளவோடு உறங்குவதும், சிறிது உலாவுவதும், துயரைச் சொல்லுவதும், நெஞ்சைக் கடிந்து வருத்தாமல் இருப்பதும், வேண்டும்போது மருத்துவரை நாடுவதும் எம்பெருமானுடைய உடைமையைப் பேணும் கைங்கர்யங்கள் என்று கொள்ளக் கடவோம். இதை வாசிக்கும் அடியார்களில் இன்று உண்ணாமல் இருப்பவர் எவரேனும் உண்டாகில், பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணிய ப்ரஸாதத்தை இரண்டு கவளமேனும் ஸ்வீகரிக்க வேண்டும் என்று அடியேன் ப்ரார்த்திக்கிறேன். அருகில் அப்படி ஒருவர் இருந்தால், அவருக்குக் கிடாம்பி ஆச்சானாக இருக்கும் பாக்யத்தை நழுவவிட வேண்டா.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்