அனந்தத்திற்கு அளவுகோல் உண்டா?

அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தேறும் அடியார்கள் 3550 படிகளைக் கடக்கின்றனர். அவர்களுள் சிலர் படிதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டவாறே ஏறுவது வழக்கம். திலகம் பெறாத படியும் இல்லை, இரண்டு பெற்ற படியும் இல்லை என்றால், படிகளும் திலகங்களும் சமம் என்பதை எண்ணிப் பாராமலே கூறிவிடலாம். எழுத்தறியாத மூதாட்டிக்கும் கைவந்த இந்த இணைத்தலையே, ஜெர்மனியின் ஹாலே நகரப் பேராசிரியர் ஜார்ஜ் கேன்டர் (1845-1918) முடிவிலிகளை ஒப்பிடும் அளவுகோலாகக் கொண்டார்.

படிகளுக்கு முடிவே இல்லை என்று கொள்வோம். இரட்டைப்படை எண்ணுள்ள படிகள் மொத்தத்தில் பாதி என்றே தோன்றும். ஆனால் முதற்படியோடு இரண்டாவதையும், இரண்டாவதோடு நான்காவதையும், மூன்றாவதோடு ஆறாவதையும் இணைத்துக்கொண்டே சென்றால் எதுவும் எஞ்சுவதில்லை. பகுதி முழுமைக்குச் சமமாகிவிடுகிறது! முழு எண்களையும் அவற்றின் வர்க்கங்களையும் இவ்வாறு இணைத்துக் கண்ட கலிலியோ, முடிவிலிகளிடையே பெரிது, சிறிது, சமம் என்னும் பேச்சே பொருந்தாது என்று 1638-இல் எழுதி ஒதுங்கினார்.

கேன்டர் ஒதுங்கவில்லை. 1891-இல் அவர் அளித்த நிறுவலை இப்படிகளிலேயே காணலாம். ஒவ்வோர் அடியாரும் படிக்கு ஒன்றாக மஞ்சளையோ குங்குமத்தையோ மட்டும் இடட்டும். ஒருவர் எங்கும் மஞ்சளே இடுவார். மற்றொருவர் மாற்றி மாற்றி இடுவார். இத்தகைய வரிசைகள் அனைத்தையும் முதலாவது, இரண்டாவது என்று பட்டியலிட இயலுமா? பட்டியலின் முதல் வரிசை முதற்படியில் கொண்டதற்கு மாறானதை முதற்படியிலும், இரண்டாம் வரிசை இரண்டாம் படியில் கொண்டதற்கு மாறானதை இரண்டாம் படியிலும் இட்டு, இவ்வாறே தொடர்ந்தால் ஒரு புதிய வரிசை பிறக்கும். அது பட்டியலிலுள்ள எதுவும் அன்று. ஆகவே வரிசைகளின் முடிவிலி படிகளின் முடிவிலியினும் பெரியது. அதனினும் பெரியது உண்டு. அதற்கு மேலும் உண்டு. இந்த ஏணிக்கு உச்சி இல்லை.

அனந்தத்தில் வகைகள் உண்டென்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. எண்ணத்தக்கன, எண்ணிலடங்காதன, முடிவற்றன என்று பிரித்த சமண நூலோர், முடிவற்றதிலும் உட்பிரிவுகள் கண்டனர். எனினும் நிறுவல் கேன்டருடையது. அதையும் நம்முடையதாக்கிக் கொள்வது வாய்மைக்கு இழுக்கு.

அப்படியாயின், அனந்தன் என்று போற்றப்படும் இறைவனும் இந்த ஏணியில் ஒரு படிதானா? கேன்டர் காலத்துக் கிறிஸ்தவ இறையியலாரையும் இவ்வையம் வாட்டியது. 1886-இல் கார்டினல் பிரான்சலினோடு நிகழ்ந்த கடிதப் போக்குவரத்தில், மேலும் பெருகக்கூடிய முடிவிலி வேறு, கூடுதலே இயலாத இறைவனின் எல்லையின்மை வேறு என்று கேன்டர் வேறுபடுத்தினார். முன்னதைத்தான் ஒப்பிடலாம். 'எங்கள் தெய்வமே பெரிது' என்று வாதிடுவோர், தம்மை அறியாமலே தெய்வத்தை ஏணியின் ஒரு படியில் நிறுத்திவிடுகின்றனர். எத்தனை உயர்ந்த படியாயினும் அதற்கு மேல் இன்னொன்று இருக்கிறதே!

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியர் தம் பீஜகணிதத்தில், சுழியால் வகுத்துப் பெறும் அளவு எதைக் கூட்டினும் கழிப்பினும் மாறாது என்று கூறி, அதற்கு அச்சுதனை உவமை காட்டினார். பிரளயத்தில் உயிர்கள் எல்லாம் அவனுள் ஒடுங்கினாலும், படைப்பில் மீண்டும் வெளிப்பட்டாலும் அவனிடம் மாறுதல் இல்லை. சுழியால் வகுக்கும் அந்தக் கணக்கை இன்றைய கணிதம் ஏற்பதில்லை. உவமைக்கு மட்டும் குறை ஏதும் நேரவில்லை.