மூன்றுக்கு மேல் இல்லை

வெள்ளைப் போர்டு. நான்கு பத்திகள். கடைசிக்கு முந்தையது டெஸ்டிங். அதன் தலைப்புக்குக் கீழே சின்னதாக ஒரு வரம்பு: 3.

மூன்று கார்டுகள் ஒட்டியிருக்கின்றன.

நாலாவது, டெவலப்மெண்டில் வேலை முடிந்து, கோட்டுக்கு இந்தப்பக்கம் நிற்கிறது.

கை சும்மா இருக்கிறது. புதிதாக ஒன்றை எடுக்கலாம் என்று தோன்றுகிறது. தோன்றுவது தோன்றிக்கொண்டிருக்கிறது.

இங்கே யாரும் யார் மேலும் வேலையைத் தள்ளுவதில்லை. இடம் உள்ளவர் இழுத்துக்கொள்கிறார்.

இந்த இழுக்கும் முறைக்குப் பின்னால், டொயோட்டாவில் பொறியாளர் டாய்ச்சி ஓனோ. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு யோசிக்கிறார். வாங்குபவர் எடுத்த அளவுக்குத் தட்டு காலியாகிறது; காலியான அளவுக்கே நிரப்புகிறார்கள். 1953-ல் தொழிற்சாலையின் இயந்திரப் பட்டறையில் அதைச் செய்து பார்க்கிறார். அமெரிக்கக் கடையை நேரில் பார்ப்பது 1956-ல்தான்.

பார்க்காத கடை. இது ஏனோ பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 2005, டோக்கியோ. அரண்மனையின் கிழக்குத் தோட்டத்தில் செர்ரி பூத்திருக்கிறது. மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் டேவிட் ஆண்டர்சன் குடும்பத்தோடு உள்ளே போகிறார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் அட்டை தருகிறார்கள். கட்டணம் இல்லை. திரும்பும்போது அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

உள்ளே எத்தனை பேர் இருக்கலாமோ, அத்தனை அட்டை.

அதற்கு முன்பே, அவர் உதவிய மைக்ரோசாஃப்டின் ஒரு மென்பொருள் பராமரிப்புக் குழு. வேலை நடப்பது ஹைதராபாத்தில். ஒரு கோரிக்கை முடிந்து வெளியே வர ஐந்து மாதம். எவ்வளவு நாளாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதிலேயே வேலைநாள் கரைகிறது. கணக்குப் போடுவதை நிறுத்துகிறார்கள். கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைக்கிறார்கள்.

ஐந்து மாதம், இரண்டு வாரமாகிறது.

எல்லோரும் அந்த எண்களைச் சொல்கிறார்கள். நிறுத்திய அந்த முதல் நாள் எப்படி இருந்திருக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

வரம்பு ஏன் உதவுகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஜான் லிட்டில், 1961. ஒரு சிறிய சூத்திரத்துக்கு நிரூபணம். உள்ளே இருப்பவற்றின் சராசரி எண்ணிக்கை, அவை வரும் வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. வேகம் அதேதான் என்றால், உள்ளே கூடக்கூட ஒவ்வொன்றும் கூடுதல் நாள் தங்கும்.

இதில் யாருடைய சோம்பலும் இல்லை.

ஒரு கார்டின் ஓரம் சுருண்டிருக்கிறது. பசை காய்ந்துவிட்டது. எப்போது ஒட்டினார்கள் என்று தேதி சொல்கிறது. பார்வை அங்கே போய், அங்கேயே நிற்கிறது.

மூன்றை நான்காக்கலாமா என்று ஒரு குரல்.

ஆக்கலாம். அழிப்பான் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த எண் கல்லில் வெட்டியதல்ல. போன மாதம் ஐந்தாக இருந்தது.

யாரும் எழுந்து போகவில்லை.

நாலாவது ஏன் நிற்கிறது என்று இன்னொரு குரல். முன்னால் இருக்கும் மூன்றும் நகராததால்.

அவை ஏன் நகரவில்லை?

டெஸ்ட் சர்வர் நேற்று மதியத்திலிருந்து ஓடவில்லை.