மருவும் வினையும்

பால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட திருநங்கையின் பிறப்புறுப்பில் மரு தோன்றினால், இறைவன் தந்த உடலை அறுத்ததற்கும் ஒழுக்கம் தவறியதற்கும் கிடைத்த தண்டனை என்று சொல்லத் தயங்காதவர்கள் இருக்கிறார்கள். தண்டனை என்றால் குற்றத்தோடு அதற்குத் தொடர்பு வேண்டும். இங்கே அது இல்லை. இந்த மருவை உண்டாக்குவது எச்.பி.வி. என்ற வைரஸ், பெரும்பாலும் அதன் 6, 11ஆம் வகைகள். தோலோடு தோல் உரசினாலே தொற்றும். ஒரே துணையோடு வாழ்ந்தவர்களுக்கும் வரும். தொற்றிப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் வெளியே தெரியும் என்பதால், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று மருத்துவராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஒன்றை ஒழுக்கத்துக்குச் சாட்சியாக நிறுத்துவது அநியாயம். அறுவை சிகிச்சையின் மேல் பழி போடுவதும் நிற்காது. புதிய யோனிக்குழாயைப் பெரும்பாலும் ஆண்குறியின் தோலைக் கொண்டே அமைக்கிறார்கள்; அந்தத் தோலில் முன்பு தொற்றக்கூடிய வைரஸ்தான் பின்பும் தொற்றுகிறது.

வைரஸ் வெறும் கருவி, ஏவியது ஊழ்வினை என்று நம்பிக்கையாளர் மறுக்கலாம். ஊழுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், மருந்து அதிகாரத்தின் பத்துக் குறளில் எங்கும் நோயாளியின் பழவினையைத் துருவச் சொல்லவில்லை. உணவின் அளவையும் நோயின் காரணத்தையும் பார்க்கச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர் என்ற நான்கில் மருத்துவத்தை அடக்குகிறார். வினையை முழுதாக நம்பினாலும், எந்த வினைக்கு எந்த நோய் என்று தீர்ப்பெழுதும் அதிகாரம் நமக்கு வந்துவிடாது. தானே விரும்பிச் செய்துகொண்டதுதானே என்பவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு: வேகமாக வண்டி ஓட்டி விழுந்தவரின் எலும்பைக் கட்டாமல் விடுகிறோமா? பாதுகாப்பான உறவு பற்றி அறிவுரை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதைச் சிகிச்சைக்கு நிபந்தனையாக்கக் கூடாது.

பழிச்சொல் உடலையும் கெடுக்கிறது. யோனிக்குழாயின் உள்ளே வளரும் மரு வெளியே தெரியாது. இரத்தக்கசிவோ நீர்க்கசிவோ இருப்பதைச் சொன்னால்தான் கருவி வைத்துப் பார்க்க முடியும். ஏச்சுக்கு அஞ்சியவர் சொல்லமாட்டார். வெளித்தோலுக்கான களிம்பைத் தானே உள்ளே தடவினால் புண்ணாகலாம். உறைய வைத்தோ, லேசரால் சுட்டோ, வெட்டியோ எடுப்பதிலும் கவனம் வேண்டும். மலக்குடலும் சிறுநீர்ப்பையும் ஒட்டியே இருக்கின்றன, ஆழமாகச் சுட்டால் தழும்பேறிக் குழாய் சுருங்கிவிடலாம். இத்தனை நுணுக்கம் கேட்கும் வேலையில் வெறுப்போடு கை வைப்பவர் நல்ல மருத்துவராக இருக்க முடியாது. திருநங்கையரின் உடல்நலத் தேவைகளுக்கு ஏற்ப மருத்துவப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்யச் சொல்கிறது இந்தியாவின் 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். மருத்துவக் கல்லூரிகள் இந்தச் சிகிச்சையையும் அதில் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.